2015 டைரியில் எழுதிய 2026

ஜனவரி 25-ஆம் தேதிப் பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. நீல மை, என் கையெழுத்துதான். "காங்கேயம் போனோம். மாமாவுக்கு ஆவாரம்பூ 100 கிராம் கொடுத்தேன். ரொம்ப சந்தோசப்பட்டார்." படிக்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்கோ ஒரு மாதமாக டைரியைத் திறந்தாலே அந்தப் பக்கம்தான் விரிகிறது. அங்கேயே திரும்பத் திரும்பப் பிரித்ததில் தைப்பு இளகிவிட்டது.

டைரி இந்த வருசத்து டைரியே இல்லை. அட்டையில் தங்க நிறத்தில் 2015 என்று போட்டிருக்கும். அது கைக்கு வந்ததற்கு ஒரு டாக்டரும், அட்டாலி என்று நாங்கள் சொல்கிற ஒரு பரணும் காரணம்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. வெளிநாட்டுப் பையர் மேசைக்கு வந்து உட்காரும் நேரம் நமக்கு மத்தியானம் தாண்டிவிடும். சாம்பிள் எங்கே, கலர் ஏன் மாறியிருக்கிறது, ஷிப்மெண்ட் தேதி என்ன என்று மெயில் வர ஆரம்பிப்பது டீ வருகிற நேரத்தில்தான். தூக்கம் கெட்டது எப்போது என்று தெரியவில்லை. கெட்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. டிசம்பரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். "எத்தனை டீ குடிப்பீங்க?" என்றார். நாலஞ்சு என்றேன். "கடைசி டீ எத்தனை மணிக்கு?" முழித்தேன். "தூக்கம் எத்தனை மாசமா இல்லை?" அதற்கும் முழித்தேன். கையில் இருந்த போனில் பதினோராயிரம் போட்டோ இருக்கிறது. நாலு வருசமாக நான் நடந்த ஒவ்வொரு அடியும் எண்ணப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் கேட்ட இரண்டு கேள்விக்கு அதில் பதில் இல்லை. "ஒரு நோட்டுல ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க. மாத்திரையைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார். நான் என்ன செய்தேன்? வருகிற வழியிலேயே அதற்கு ஒரு ஆப் இறக்கினேன். மூன்று நாள் போட்டேன். நாலாம் நாள் அது பணம் கேட்டது.

டைரி எழுதிப் பழக்கம் இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்பில் ஆரம்பித்து ஒவ்வொரு ஜனவரியும் எழுதியிருக்கிறேன். மனசில் தோன்றுவதையெல்லாம் எழுத வேண்டும், அதுதான் டைரி என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். ஜனவரி முதல் வாரம் பக்கம் போதாது. பொங்கல் முடிந்தால் அரைப் பக்கம். பிப்ரவரியில் "இன்று ஒன்றும் விசேசமில்லை." அத்தோடு சரி. வருசத்துக்கு ஒரு டைரி பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கிற நோட்டாக மாறியது.

அட்டாலியில் இருந்தது

பொங்கலுக்குக் கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டத்துக்குப் போயிருந்தோம். போகியன்று வீடு ஒட்டடை அடித்து, அட்டாலியில் இருந்த சாமான்களை ஆசாரத்தில் இறக்கிப் போட்டிருந்தார் அம்மா. பித்தளைப் போசி, தகரப்பெட்டி, அதனடியில் சாக்கில் கட்டின டைரிகள். அப்பாருடையவை, அதாவது அப்பாவின் அப்பாவுடையவை. அவர் போய் இருபது வருசம் ஆகிறது. கரையான் தின்றது போக முப்பதுக்குப் பக்கம் இருந்தன. அந்தக் கட்டோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்த 2015 டைரி. உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பா எதையும் எழுதுகிற ஆள் இல்லை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

சும்மா புரட்டினேன். ஜனவரி 15, வியாழன், தைப்பொங்கல். இந்த வருசமும் போகிக்கு மறுநாள் வியாழன்தான், பொங்கல்தான். சந்தேகம் வந்து போனில் பார்த்தால், 2015-இன் தேதியும் கிழமையும் 2026-க்கு அப்படியே பொருந்துகின்றன. இரண்டு வருசமும் வியாழக்கிழமை பிறந்தவை, இரண்டும் லீப் வருசம் இல்லை. அமாவாசைதான் ஏமாற்றும். டைரியில் தை அமாவாசை 20-ஆம் தேதி, இந்த வருசம் 18-இலேயே வந்துவிட்டது. தீபாவளி அதில் நவம்பர் 10, இப்போது 8. நிலா மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை, மற்றபடி புது டைரி. பதினோரு வருசம் அட்டாலியில் காத்திருந்த காகிதத்தின் ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. மை ஊறவில்லை.

ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது அப்பாருவின் டைரி. அவர் மனசில் தோன்றியது எதையும் எழுதியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி, மிஞ்சினால் மூன்று. "மழை. ஒரு உழவு." "ஆண் ஆள் 4, பெண் ஆள் 9. மஞ்சள் களை." "15.8. வாக்கால்ல தண்ணி உட்டாச்சு." பவானிசாகரில் தண்ணீர் திறந்தால் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் அதைவிடப் பெரிய செய்தி கிடையாது, அதற்கும் ஒரே வரிதான். ஆடியில் "அந்தியூர் போய் வந்தோம். மாடு அமையவில்லை." என் அப்பாவின் கல்யாண நாளில் "முகூர்த்தம் 6-7½. ஒறம்பரை அதிகம். வாழைஇலை பத்தலை." இவ்வளவுதான். அந்த வாழை இலை மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒரு படமும் கிடைத்திருக்காது.

இன்னொன்று கவனித்தேன். தப்பாக எழுதியதை அவர் கிறுக்கி மூடவே மாட்டார். குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே பழைய எழுத்து தெரியும், மேலே சரியானது இருக்கும். அம்மாவிடம் காட்டினேன். "கணக்குல அடிக்கலாம், அழிக்கக் கூடாதும்பாரு உங்கப்பாரு" என்றார். "மஞ்சமண்டிக்காரன்கிட்ட சண்டைக்குப் போறப்ப இதத்தான் தூக்கிட்டுப் போவாரு."

அன்று பொழுதோட காப்புக் கட்டினோம். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசலில், கட்டுத்தரையில், கிணற்றடியில் செருகுவது. மீந்த ஆவாரம்பூவைத் தூக்கிப்போட மனசில்லாமல் முறத்தில் நிழலில் உலர்த்தினேன். ராத்திரி டைரியில் முதல் வரி: "காப்புக் கட்டு. ஆவாரம்பூ காய வைத்தேன்."

பொடக்காலித் தண்ணி

மூலிகை டீ என்று நான் இறங்கியது அப்படித்தான். டாக்டர் டீயைக் குறை என்று சொல்லவில்லை, எழுது என்றுதான் சொன்னார். எழுத உட்கார்ந்தால் ஐந்து டீ என்று ஐந்து நாளும் எழுதுவதற்கே கூச்சமாக இருந்தது. அதனால் ஒன்றை மாற்றலாம் என்று ஆவாரம்பூவைக் கொதிநீரில் போட்டேன். மஞ்சள் கலந்த தேன் நிறம், முதல் வாயில் பசும்புல் வாசம், தொண்டையில் துவர்ப்பு. நன்றாக இல்லை, ஆனால் இரண்டாம் நாள் குடிக்க வேண்டும் போல இருந்தது. அரை ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை சேர்த்ததும் நன்றாகவே இருந்தது. எங்கள் ஊர்ச் சர்க்கரைக்குக் கேட்பானேன், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடியிலிருந்துதானே போகிறது.

அப்புறம் வரிசையாக எல்லாம் வந்தது. அம்மா வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியிலிருந்து ஓமவல்லி, துளசி, எலுமிச்சைப்புல் என்று மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஓமவல்லித் தண்ணி வெச்சுக் குடுத்தா சின்னதுல மூக்கப் புடிச்சுட்டு ஓடுவ. இப்ப அதுக்குப் பேரு டீங்கற" என்று ஒரு குத்து. அவர் சொன்னதும் சரிதான். டீ என்றால் அது மேலே நீலகிரியில் விளைகிற ஒரே ஒரு செடியின் இலை. கருப்பு டீ, பச்சை டீ, ரேசன் கடை ஊட்டி டீ எல்லாம் அதே செடி. மற்றதெல்லாம் நம் பாட்டிமார் பேச்சில் கசாயம், தண்ணி, காபி. டீத்தூளும் காபிக்கொட்டையும் இல்லாததற்குச் சுக்கு மல்லிக் காபி என்று பேர் வைத்தவர்கள் ஓமவல்லித் தண்ணியை டீ என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போகப் போகச் சில விசயம் பிடிபட்டது. சுக்கு, கொத்தமல்லி விதை, நன்னாரி வேர் மாதிரிக் கட்டியானவற்றைக் கொதிக்க விட வேண்டும். பூவையும் இலையையும் கொதிக்க விட்டால் வாசமெல்லாம் ஆவியோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டு, தட்டை வைத்து மூடி, ஐந்து நிமிசம் ஊறவிட வேண்டும். மூடித்தட்டைத் தூக்கும்போது அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். எலுமிச்சைப்புல் போட்ட அன்று அந்தச் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தேன். டம்ளரில் இருந்ததைவிட அதில்தான் வாசம் அதிகம். அதையும் டம்ளருக்குள்ளேயே வழித்து விட்டேன். சங்குப்பூ நீலம் என் மகளுக்காக. எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறுகிற வேடிக்கையை அவள் மூன்று நாள் ரசித்தாள். ருசி என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. வெந்நீருக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரி.

கடையில் விற்கிற பாக்கெட்டுகளையும் விடவில்லை. அட்டையில் துளசிப் படம், பின்னால் பொடி எழுத்தில் முதல் சரக்கே கிரீன் டீ. தூக்கத்துக்கென்று வாங்கினால் அதிலும் காஃபீன் இருக்கிறது. இன்னொன்றில் இனிப்புக்கு அதிமதுரம். ருசியான வேர்தான், ஆனால் தினமும் கூடுதலாகக் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற என் வீட்டுக்காரர் அதை நாலு நாள் ஆசையாகக் குடித்திருந்தார். பாக்கெட்டைப் பரணில் ஏற்றினேன். செம்பருத்தி என்று ஒரு விலையுயர்ந்த டப்பா. உள்ளே இருந்தது நம் வாசல் செம்பருத்தி அல்ல, அதன் பங்காளி, புளிப்பான சிவப்புப் புல்லிவட்டம். நம் புளிச்சக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். புளிச்சக்கீரை கடைந்து சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அந்தப் புளிப்பு சட்டென்று தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் அப்பாரு பாணியில் எழுதினேன். கடைசிப் பால் டீ எத்தனை மணிக்கு, ராத்திரி என்ன தண்ணி, எத்தனை மணிக்குக் கண் அசந்தது, நடுவில் விழிப்பு உண்டா. கீழே அன்றைய ஒரு வரி. "ஷிப்மெண்ட் போச்சு." "மகளுக்குக் காய்ச்சல், 101." "பக்கத்து லைனில் கரண்ட் இல்லை." மனசைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்த முறை பிப்ரவரியில் நிற்கவில்லை. பத்து நாள் நன்றாகத் தூங்கினதும், ஆவாரம்பூதான் காரணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் சொல்ல ஆரம்பித்தேன்.

எண்பது கிராம் சங்கதி

மாமா என் அம்மாவின் தம்பி. காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். தேங்காய்ப் பருப்பை எடை போட்டுப் போட்டு, எதைக் கையில் கொடுத்தாலும் மனசுக்குள் நிறுத்துப் பார்க்கிற ஆள். பன்னிரண்டு வருசமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. ஜனவரி 25 ஞாயிறு, அவர் வீட்டுக்குப் போனபோது உலர்ந்த ஆவாரம்பூவை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். நானும் அம்மாவும் பொங்கல் வாரம் பூரா தோட்டங்களுக்கு நடுவே போகிற இட்டேரித் தடத்தில் பறித்தது. கொடுக்கும்போது சும்மா கொடுத்திருக்கலாம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சும்மாவா சொன்னாங்க மாமா" என்று பழமொழி வேறு சொன்னேன். "நாட்டுச்சக்கரை அரை ஸ்பூன் போட்டுக்குங்க, அப்பத்தான் எறங்கும்" என்றும் சொன்னேன். சர்க்கரைக்காரரிடம்! சொன்ன வாய் என்னுடையதுதான். அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாமா பையை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "அம்மிணி என்னைய மறக்கல பாரு" என்றார் அத்தையிடம்.

பிப்ரவரி 1 தைப்பூசம். டைரியில் 3-ஆம் தேதி என்று அச்சடித்திருந்தது, 2015-இன் நிலாவுக்கு. மாமா வருசம் தவறாமல் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்தே போகிறவர். ஜனவரி 31-இல் எழுதியிருக்கிறேன்: "மாமா நடந்துட்டிருக்கார். தாராபுரம் தாண்டியாச்சாம்." அவ்வளவு தூரம் நடந்தால் எல்லாருக்கும் வருகிற மாதிரிக் குதிகாலில் ஒரு கொப்புளம். எல்லாருக்கும் நாலு நாளில் ஆறும். அவருக்கு மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை, வலியும் பெரிதாகத் தெரியவில்லை. வலிக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி 24 செவ்வாய்க்கிழமை, காலுறையில் ஈரம் கண்டு அத்தை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை 386.

நாங்கள் போய்ப் பார்த்தபோது படுக்கையில் உட்கார்ந்து சாத்துக்குடியை உரித்து அத்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரையை நிறுத்தி நாலு வாரம் ஆகியிருந்தது. டாக்டர் குடைந்து குடைந்து கேட்டதில் வெளியே வந்திருக்கிறது.

"ஏனுங் மாமா நிறுத்துனீங்க?"

"பூவுதான் இருக்குதே கண்ணு. மாத்தரை கசக்கறதில்ல, முழுங்குனாப் போயிருது. அது தொண்டையில புடிச்சு நிக்குது. புடிக்கறதுதான மருந்து?"

"நாட்டுச்சக்கரை?"

"ரெண்டு நேரமும் போட்டேன். வெள்ளைச்சக்கரைதான் ஆகாதுன்னாங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீயென்ன வேணும்னா பண்ணுன. உடு."

நாட்டுச்சர்க்கரைக்குக் கொஞ்சம் நிறமும் மணமும் கூடுதல்; ரத்தத்தில் போய்ச் சேர்ந்தால் அதுவும் சர்க்கரைதான். இது தெரியாதவளா நான்? தெரியும். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, நரம்பு மரத்து வலியும் தெரியாது என்பதுகூடத் தெரியும். தெரிந்ததெல்லாம் ஒரு அறையிலும், பழமொழி சொன்ன வாய் வேறு ஒரு அறையிலும் இருந்திருக்கிறது. கால் பிழைத்தது. டிரெஸ்ஸிங், ஊசி, பிறகு பழைய மாத்திரையோடு இன்னொன்று. களத்துக்குப் போகக்கூடாது, செருப்பில்லாமல் வாசல்கூடத் தாண்டக்கூடாது. அந்த டாக்டர் அவரைத் திட்டவில்லை, பூவையும் திட்டவில்லை. "குடிங்க, சக்கரை போடாம. ஆனா மாத்திரையையும் போடுங்க, என்ன குடிக்கறீங்கன்னு என்கிட்டச் சொல்லுங்க. ரெண்டும் சேந்து சக்கரை ரொம்ப இறங்குனாலும் வம்பு" என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து 25-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். "ரொம்ப சந்தோசப்பட்டார்." மகள் பென்சில் டப்பாவில் ஒயிட்னர் இருந்தது. எடுத்துக் குலுக்கி மூடியைத் திறந்தும் விட்டேன், அந்த வாடை வந்தது. போனில் இருந்திருந்தால் இந்நேரம் போயிருக்கும். மாமாவுக்கு அனுப்பிய ஆவாரம்பூ மெசேஜை ஆஸ்பத்திரி வாசலிலேயே அழித்திருந்தேன், அதற்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. காகிதத்தில் வெள்ளையைப் பூசினால் அங்கே ஒரு வெள்ளைக் கட்டி இருக்கும். இருபது வருசம் கழித்து அட்டாலியிலிருந்து இதை இறக்குகிறவள் முதலில் நகத்தால் சுரண்டிப் பார்ப்பது அதைத்தான். மூடியைத் திருகி வைத்தேன்.

தூக்கம் வரவில்லை. அதனால் வேறு ஒன்று செய்தேன். ஜனவரி 16-இலிருந்து அன்று வரை 40 நாள். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு நாளாக எண்ணினேன். மாமாவிடம் அடித்துச் சொன்னேனே, ஆவாரம்பூ குடித்தால் தூக்கம் வருகிறது என்று, அதுவாவது நிஜமா? ஆவாரம்பூ குடித்த இரவுகள் 14. அதில் நன்றாகத் தூங்கியது 6. குடிக்காத இரவுகள் 26. அதில் நன்றாகத் தூங்கியது 11. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம் பக்கத்துக் கட்டத்தை எண்ணினேன். நாலு மணிக்கு மேல் பால் டீ குடிக்காத நாட்கள் 19, அதில் 14 நாள் நல்ல தூக்கம். குடித்த 21 நாளில் 3.

விசயம் டிசம்பரிலேயே அந்த டாக்டர் கேட்ட கேள்விக்குள் இருந்திருக்கிறது. குடித்த காஃபீனில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நான் ஆறு மணிக்கு ஒன்று, பையர் மெயில் சூடானால் எட்டு மணிக்கு ஒன்று என்று ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கு பிளாஸ்கில் ஓமவல்லித் தண்ணி கொண்டுபோன நாட்களில், டீ கொண்டு வருகிற அண்ணனிடம் "வேண்டாங்ணா, இருக்குது" என்று சொல்லியிருக்கிறேன். பிளாஸ்கில் ஆவாரம்பூ இருந்தாலும் சரி, வெறும் வெந்நீர் இருந்தாலும் சரி, அந்த "வேண்டாங்ணா"தான் தூங்க வைத்திருக்கிறது. பத்து நாளில் நான் கண்டுபிடித்த வைத்தியம் இதுதான். இதை ஒரு பையில் போட்டுக் கட்டி யாருக்கும் கொடுக்க முடியாது.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாரு டைரியில் கசாயம் என்று வருகிற இடமெல்லாம் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தேடினார். பாதியில் வேறு கதைகளில் விழுந்துவிட்டார் என்பது வேறு விசயம். ஆறேழு இடம் கிடைத்தது. "சளி. தூதுவளை ரசம். தேவலை." இன்னொரு இடத்தில் "காய்ச்சல். நிலவேம்பு." மறுநாள் "நிலவேம்பு." அதற்கு மறுநாள் "நிற்கலை. ஈரோடு போய் ஊசி." நிலவேம்பு நல்லது என்றும் இல்லை, மோசம் என்றும் இல்லை. குடித்தார், பார்த்தார், நிற்கவில்லை, பஸ் ஏறிவிட்டார். அந்த மனுசனுக்கு ஆவாரை பூத்திருக்க என்ற பழமொழி தெரியாமலா இருந்திருக்கும்? காப்புக் கட்டின நாளில்கூட எழுதவில்லை.

ராத்திரி தண்ணியை நான் விடவில்லை. இப்போது பெரும்பாலும் எலுமிச்சைப்புல், சளி பிடித்தால் ஓமவல்லி. காரணம் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை; மூடித்தட்டைத் தூக்குகிற அந்த நேரம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஊறுகிற ஐந்து நிமிசத்தில் டைரி முடிந்துவிடும். யாராவது "இது எதுக்கு நல்லது?" என்று கேட்டால் "தாகத்துக்கு" என்கிறேன்.

மார்ச் 15 ஞாயிறு காங்கேயம் போனபோது டைரியைக் கையோடு எடுத்துப் போனேன். மாமா திண்ணைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு சின்னதாகியிருந்தது. காலில் புதுச் செருப்பு, கட்டிலில் உட்கார்ந்தும் கழற்றவில்லை. "அம்மிணி, எம்பேரெல்லாம் நோட்டுல எழுதறியாமா, உங்கம்மா சொன்னா" என்றார். எப்படியும் காட்டத்தான் கொண்டுபோனேன், ஆனாலும் கை கொஞ்சம் தயங்கியது. 25-ஆம் தேதிப் பக்கம் தானாகவே விரிந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். நான் வாசலில் காய்ந்துகொண்டிருந்த தேங்காயைப் பார்த்தேன்.

"இது தப்பு" என்றார்.

"என்னுங் மாமா?"

"நூறு கிராம் இல்ல. எண்பத்தி மூணு. நீ போனதியும் பக்கத்து மளிகைக்கடைத் தராசுல வெச்சுப் பாத்தேன். பையோட."

பேனாவை எடுத்தேன். 100-க்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே 83 என்று எழுதினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"பையோடன்னு போடு" என்றார்.